சுவருக்கு வந்த படர்தாமரை

தனக்கோடியின் புதுவீட்டுச் சுவருக்குப் படர்தாமரை வந்தது ஓர் ஐப்பசி மாதத்தில், ஈச்சந்துறையில் துவைத்துப் போட்ட துணி எதுவும் காயாமல், உடுத்தியிருக்கிற துணி ஈரமா உலர்வா என்று உடம்புக்கே விளங்காமல் போகிற அடைமழையில். தெருவிலிருந்து தெரிகிற சந்துப்பக்கச் சுவரில், புது ரோஸ் கலர் பெயின்ட் மேல், இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன வட்டம். ஓரம் சிவந்து தடித்துப் பொடிப்பொடியாகப் பொரிந்திருந்தது, நடு மட்டும் தெளிந்திருந்தது. இடுப்பிலோ தொடையிடுக்கிலோ கழுத்திலோ அப்படியொரு வட்டத்தை மறைத்து வைத்திருக்காத ஆள் அந்தத் தெருவில் குறைவு என்பதால் அது என்னவென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. "சுவத்துக்கும் வந்துருச்சா?" என்றார் பால்காரர். சொல்லிவிட்டு, வழக்கமாக அங்கே சாய்த்து வைக்கிற சைக்கிளை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

எப்படி வந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். பூக்காரி கோசலை அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்ததை முந்தைய நாள் எல்லோரும்தான் பார்த்தார்கள். அவள் ஏன் தேய்த்தாள் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் அதில் லாபம் தனக்கோடிக்குத்தான், அந்த ஆள் இதுவரை பார்த்த லாபமே ஏழு தலைமுறைக்குப் போதும்.

கோசலைக்குத் தொழில் பூக்கட்டுவது. உதிரி முல்லையை நனைத்த துணியில் கொட்டி மடியில் வைத்துக்கொண்டு, வாழைநாரைத் தண்ணீரில் முக்கி முக்கிக் கட்டினால், இடுப்புச் சேலை காலையிலிருந்து சாயங்காலம்வரை ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், அவளுக்கு முதல் வட்டம் வந்தது. இடம் அப்படிப்பட்ட இடம், யாரிடம் காட்டுவது? கடைத்தெரு முனையில் தனக்கோடியின் மருந்துக்கடை. ஊரே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடும், இந்தக் கதை அப்படிக் கூப்பிடாது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், "அண்ணே, அரிப்புக்கு ஏதாச்சும்" என்று மட்டும் சொன்னாள். எங்கே அரிக்கிறது, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, ஒரு கேள்வி கிடையாது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு டியூபை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

தடவிய அன்றைக்கே அரிப்பு அடங்கியது. அந்த வாரமே வட்டம் மறைந்தது. கோசலை மனசு நிறைந்து போய், தனக்கோடி கடைச் சாமி படத்துக்குத் தினமும் ஒரு முழம் கொண்டுபோய்ப் போட்டாள். பூக்காரத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஏணியானாலும் இடியாப்ப உரலானாலும் ஒரு வீட்டில் இருந்தால் எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரிதான். அந்தப்படியே டியூபும் வீடு வீடாகப் போனது, துண்டு போனது, சீப்பு போனது, கடைசியில் டியூபைக் கத்தரிக்கோலால் கீறி உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தடவினார்கள். மருந்து தீர்ந்ததும் மறைந்த வட்டம் திரும்பி வந்தது, வட்டத்துக்குள் வட்டமாக, முன்பு வராத இடங்களுக்கெல்லாம் வந்தது. மருந்து தப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மருந்து போதவில்லை என்றுதான் தோன்றியது. மறுபடி வாங்கினார்கள். தனக்கோடி கடைக்கு மேல் மாடி எழும்பியது, பின்னால் புதுவீடு எழும்பியது.

இதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். டியூப் தடவின இடம் வெளுத்துப் பளபளக்கிறது என்று யாரோ ஒருத்தி கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு கல்யாணம் நிச்சயமான பெண்கள் எல்லாருக்கும் முகத்தில் அதுதான். கோசலையின் மகள் நளாயினிக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகளை எதிரே உட்காரவைத்து, முகவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலால் நெற்றியிலும் கன்னத்திலும் சாயங்காலம் தோறும் தடவிவிட்டது கோசலையேதான். அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பின்னாளில் வயிறு எரிந்தது, ஆனால் அந்த எரிச்சலைப் பிறகு பார்ப்போம்.

முகம் பளிச்சென்றுதான் ஆனது. பிறகு மழையில் சரக்கு லாரி வராமல் டியூப் கிடைக்காத ஒரு வாரத்தில், அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது போல, நளாயினியின் முகம் சிவந்து, வீங்கி, தீப்பட்டது போல எரிந்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து நரம்பு தெரிந்தது, தாடையோரம் பூனைமயிர் முளைத்தது, வாசலில் வெயில் பட்டால் அலறினாள். ரவிக்கை அளவெடுக்க வந்த மாப்பிள்ளையின் சித்தி பார்த்துவிட்டுப் பதறிப்போய், விவரம் தெரிந்த ஆளிடம் கேட்போம் என்று நேரே தனக்கோடி கடைக்குப் போனாள். அவனுக்குத் தெரியும். அந்த டியூபை முகத்தில் போட்டால் இப்படித்தான் ஆகும், நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பார்த்தால் மெல்ல மெல்லத் தேறும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் டியூப் விற்குமா?

"அது ரத்தத்துல உள்ள கோளாறுங்க. அம்மாக்காரி கைய, இடுப்பப் பாருங்க, தெரியும். பரம்பரை" என்றான், கடையில் நின்றவர்களெல்லாம் கேட்க.

கல்யாணம் நின்றது. கோசலை கை பட்ட பூவை வாங்கத் தெருவே கூசியது. ரத்தத்தில் கோளாறு உள்ளவள் கட்டின பூவைச் சாமிக்குப் போடலாமா என்று கோயிலில்கூடக் கேட்டார்கள். நளாயினி முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்தவள், அம்மா கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

கோசலை கடைக்குப் போய் நேருக்கு நேர் கேட்டாள். "உங்க டியூபாலதான்னு தெரிஞ்சும் ஏண்ணே அவங்ககிட்ட அப்புடிச் சொன்னீங்க?"

"ஊரே என் டியூபத்தான் போடுது. ஊருக்கெல்லாமா மூஞ்சி வெந்துபோச்சு? ஒன் ரத்தம் சரியில்லாததுக்கு என் கடைய ஏன் இழுக்குற?" என்றான் தனக்கோடி. அவள் தலை சுற்றி வெளியே வந்து, பக்கத்துச் சந்தில் அவன் வீட்டுச் சுவரில் கையை ஊன்றினாள். "ஏய், சுவத்துல சாயாத. பெயின்ட் புதுசு" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

அந்தச் சொல்தான். திரும்பி நின்று, அந்த ரோஸ் கலர்ச் சுவரில் முதுகையும் இடுப்பையும் வைத்து, எருமை கல்தூணில் தேய்க்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அரிப்புத் தீர, ஆத்திரம் தீராமல், தெருவே நின்று பார்க்க, கோசலை தேய்த்தாள். மறுநாள் காலையில் வட்டம் வந்தது.

சுவருக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதில் ஈச்சந்துறைக்கு ஆளுக்கொரு கருத்து இருந்தது. சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசச் சொன்னார்கள், மண்ணெண்ணெய் துடைக்கச் சொன்னார்கள், மஞ்சளும் வேப்பிலையும் சொன்னார்கள். கொத்தனார் தட்டிப் பார்த்து, சிமென்டில் கோளாறு இல்லை, அரிப்புதான் என்றார். மதிய வெயில் கொஞ்சம் ஏறினாலே அந்தச் சுவர் நெளிய ஆரம்பித்து, சந்தில் நின்ற தென்னை மரத்தில் பரக் பரக்கென்று உராயும். உராய்ந்த இடத்தில் பொடி உதிரும், உதிர்ந்த இடத்தில் புது வட்டம் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் துணிக்கொடியை வேறு பக்கம் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சந்தில் போகிறவர்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், தனக்கோடி வீட்டுச் சுவரைத் தொட்டவர்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும் என்று சொன்னார், பிள்ளைகளும் கழுவினார்கள். யாரும் அதிசயப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை, மழைக்காலத்தில் எல்லாருக்கும் வேலை கிடந்தது.

தனக்கோடி பெயின்டரைக் கூப்பிட்டு மேலேயே ஒரு கோட்டிங் அடித்தான். வட்டம் மறைந்தது. "பாத்தீங்களா?" என்று கடையில் நின்றவர்களிடம் சிரித்தான். அடுத்த மழைக்கு வட்டம் வாசல் நிலைவரை பரவி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோலம் போட்டது. மறுபடி அடித்தான், மறுபடி பரவியது. கடைசியில் வெறி பிடித்துப்போய், குடோனில் இருந்த டியூப் பெட்டிகளை உடைத்து, ஏணி போட்டு ஏறி, தன் மருந்தைத் தன் சுவருக்குத் தானே தடவினான். சுவர் பளபளத்தது. தெருவே நின்று பார்க்கிற மாதிரி அப்படியொரு பளபளப்பு. பிறகு பூச்சு மெலிந்து மெலிந்து உள்ளே செங்கல் வரிவரியாகச் சிவப்பாய்த் தெரிந்தது, வெயில் பட்டபோது சுவர் முனகியது, ஓரங்களில் மெல்லிசாகப் புல் முளைத்தது. நளாயினியின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த டியூபைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டார்கள்.

இதற்கிடையில் கோசலை மகளுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறி, ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தோல் டாக்டரம்மா நளாயினியின் கன்னத்தை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன தடவினீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கோசலை டியூபை எடுத்து நீட்டினாள்.

"இது அரிப்பை அடக்கும், நோயை வளர்க்கும். முகத்துல போட்டா தோலையே தின்னுடும்" என்றார் டாக்டரம்மா. "நான் குடுக்கற மருந்தோட இதைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுடலாம். விடும்போது இன்னும் மோசமாத் தெரியும், பயந்துக்கிட்டுத் திரும்ப இதைத் தொட்டுறாதீங்க. வெயில் படாம பாத்துக்கோங்க. மாசக்கணக்குல ஆகும், ஆனா தேறிடும்."

"ரத்தத்துல கோளாறுன்னு சொன்னாங்கம்மா. பரம்பரையாம்."

"யாரு சொன்னது? உங்க இடுப்புல இருக்கறது பூஞ்சக்காளான். ஈரத்துல வர்றது, துண்டுல தொத்தறது. ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." பிறகு கோசலைக்கும் மருந்து எழுதினார். ஈரச் சேலையோடு உட்காராதே, நாடாவை இறுக்காதே, துண்டைத் தனியாக வை, துணியைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடு, வட்டம் மறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தாதே, வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கோசலை மடியில் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் பூவை வைத்துக் கட்டப் பழகினாள். இடுப்பு மெல்ல ஆறியது. நெஞ்சு ஆறவில்லை. ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல என்ற வார்த்தையைக் கேட்ட அன்றைக்குத்தான், ஒரு பொய்யால் தன் மகளை மூலையில் உட்காரவைத்தவனை என்ன செய்வது என்று அவள் முழுசாக யோசிக்க ஆரம்பித்தாள்.

உள்ளூரில் அவள் பூவை யாரும் வாங்கவில்லை, அதனால் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனாள், மணலூர்வரை நடந்தாள். எந்த வீட்டு வாசலில் கூடையை இறக்கினாலும், முழம் அளக்கும்போது, தானாகப் பேச்சு வருகிற மாதிரி, "ஈச்சந்துறை தனக்கோடி வீட்டுச் சுவத்தப் பாத்தீங்களா? ரத்தத்துல கோளாறாம். பரம்பரையாம்" என்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே, அவன் சொன்ன தினுசிலேயே, மல்லிகையோடும் முல்லையோடும் வாசல் வாசலாகக் கொடுத்துவிட்டு வந்தாள். இனித்தது. பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்கும் தெரியும், தெரிந்தும் இனித்தது.

தனக்கோடி மகன் குலசேகரனுக்கு மணலூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. தங்கள் பெண் வாழப்போகிற வீட்டை, அடுப்படியும் கிணற்றடியும் உட்பட, பெண் வீட்டுப் பெண்கள் வந்து நடந்து பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தில் தாம்பூலம் மாற்றுவார்கள். அதற்கு முந்தைய வாரம் தனக்கோடி கோசலை வீட்டு வாசலில் வந்து நின்றான். அவளை அவன் பூக்காரி என்பான், அன்றைக்குத் தங்கச்சி என்றான்.

"தங்கச்சி, நீ பெரியாஸ்பத்திரி போய் வந்தியாமே. ஒனக்குச் சரியாயிட்டு வருதாமே. அந்தம்மா என்ன சொன்னுச்சுன்னு சொல்லேன்."

"நீங்க டாக்டராச்சே. ஒங்களுக்குத் தெரியாததா?"

"பாப்பாவப் பத்திச் சொன்னது தப்புதான், போதுமா? நமக்குள்ள இருக்கட்டும்."

"நமக்குள்ளயா சொன்னீங்க? ஊரக் கூட்டித்தான சொன்னீங்க. ஊரக் கூட்டியே மாத்திச் சொல்லுங்க, அப்புறம் அந்தம்மா சொன்னத நான் சொல்றேன்."

"கடைய மூடிட்டுப் போகச் சொல்றியா நீ?"

"எம் மவ கதவ மூடிக்கிட்டுத்தான் இருக்கா." கோசலை உள்ளே போய்விட்டாள். அவன் போகிற வழியில் பெயின்டர் வீட்டில், இன்னொரு கோட்டிங் அடிக்க வரச் சொல்லிவிட்டுப் போனான்.

பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். தட்டுகளோடு வந்த கூட்டத்துக்கு முன்னால் பெண்ணின் பெரியத்தை, கெட்டிக்காரி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரைப் பார்த்தாள். முந்தைய நாள் அடித்த பெயின்ட், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் ஏற ஏறச் சுருண்டு உதிர்ந்தது. அடியில் வட்டங்கள் சிவந்து நின்றன. சுவர் மெல்ல நெளிந்து தென்னை மரத்தில் தேய்த்துக்கொண்டது. வேடிக்கை பார்க்கத் தெரு முழுக்கக் கூடிவிட்டது.

"உப்பு பூத்திருக்குங்க" என்றான் தனக்கோடி.

"உப்பு இப்புடி வட்டம் போடாது" என்றாள் பெரியத்தை. "எங்க தெருவுல வேற மாதிரியில்ல பேசிக்கிறாங்க. இந்த வீட்டுக்கு ரத்தத்துலயே கோளாறாம், பரம்பரையாம்." கூட்டத்தில் கூடையோடு நின்ற கோசலையைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, நீதான பூவு விக்கறப்ப சொன்ன?"

"அது என் வார்த்தை இல்லீங்க. இவரு சொன்ன வார்த்தை. இவரையே கேளுங்க, இந்த ஊருக்கு இவருதான் டாக்டரு" என்றாள் கோசலை.

எல்லார் முகமும் தனக்கோடி பக்கம் திரும்பியது. ரத்தத்தில் கோளாறுதான் என்று ஒத்துக்கொண்டால், நளாயினி கல்யாணம் நின்ற மாதிரி மகன் கல்யாணமும் நிற்கும். இல்லையென்றால் பிறகு இது என்ன என்று அவனே சொல்லியாக வேண்டும். மகன் குலசேகரன் அப்பாவையே பார்த்தான். உள்ளே தனக்கோடியின் மனைவி பலகாரத் தட்டோடு நின்றவள் அதைக் கீழே வைத்தாள்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றான் மெல்ல. "தொத்து. ஈரத்துல வர்றது. வைத்தியம் பண்ணாச் சரியாயிடும். தப்பான மருந்தத் தடவித் தடவி முத்திப்போச்சு."

"யாருக்குண்ணே?" என்றாள் கோசலை.

"சுவத்துக்கு."

"யாருக்குண்ணே?"

தனக்கோடி மகன் பக்கம் திரும்பினான். "கோசல மவளுக்கு. நளாயினிக்கு. நான் வித்த டியூபாலதான். பரம்பரைன்னு நான் சொன்னது பொய்யி."

"சத்தமாச் சொல்லுங்க. எம் மவ உள்ள இருக்கா."

அவன் அவளைப் பார்த்தான், பெரியத்தையைப் பார்த்தான், பிறகு தொண்டை கிழிய, தெருக்கோடிவரை கேட்கும்படி அத்தனையையும் முதலிலிருந்து சொன்னான். தெருக்கோடியில் கோசலை வீட்டுக் கதவு திறந்தது. நளாயினி வாசற்படி நிழலில், முகத்தில் துணியில்லாமல் வந்து நின்றாள். சிவப்பு பாதி வடிந்து பாதி இருந்த அந்த முகத்தைத் தெரு பார்த்தது. இந்தத் தடவை தெருதான் முதலில் தலை குனிந்தது.

"தொத்துன்னா, தேறட்டும். தேறினப்புறம் வந்து பாக்குறோம்" என்றாள் பெரியத்தை. தட்டுகள் மறுபடி வேனில் ஏறின.

வேன் போனபிறகு தனக்கோடி கோசலையிடம் வந்தான். "சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு, இதுக்கு என்ன பண்ணணும்?"

சொல்லாமல் விட்டுவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சொல்வதே நல்லது என்று பட்டது, டாக்டரம்மா சொன்னதை நினைத்துப் பார்க்கப் பார்க்க, சொல்வதே ரொம்ப நல்லது என்று பட்டது.

"இனிமே பெயின்ட் அடிக்கக் கூடாது. டியூபு தடவக் கூடாது. அடிச்சதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, தண்ணி எறங்குற எடத்த அடைச்சுட்டு, காத்தும் வெயிலும் படும்படியா அப்புடியே விட்டுறணும். மொதல்ல இன்னும் அசிங்கமாவும். பயந்து மறைக்கக் கூடாது."

"எத்தன நாளு?"

"மாசக்கணக்கா ஆவும். கோடை பூரா ஆவும்."

"துணி கட்டியாச்சும் மறைக்கலாமா?"

"கூடாது. வெளிய தெரியணும். போறவங்க வர்றவங்க நிப்பாங்க, பாப்பாங்க, மூக்கச் சுளிப்பாங்க, பேசிக்கிட்டே போவாங்க. பொறுத்துக்கிட்டு இருந்தாச் சரியாப் போயிரும்."

அதைச் சொல்லிவிட்டு, பூக்கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். மகளைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு, குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தனக்கோடி வீட்டுச் சுவருக்கு எதிரே வசதியாக நின்று, முதல் ஆளாகப் பார்க்க ஆரம்பித்தாள்.